தம்பியின் உயரப் பாத்தி

எங்கள் கட்டடத்தில் யாருக்கும் யாரையும் பிடிக்காது. நான் குடிவந்த நாளிலிருந்து அங்கே எனக்குப் பிடித்ததே அதுதான். நாலு மாடி, மாடிக்கு நாலு வீடு. லிஃப்டில் ஏறினால் எல்லோரும் அண்ணாந்து மாடி எண்ணைப் பார்ப்பார்கள், ஏதோ அதில் பரீட்சை முடிவு வரப்போகிற மாதிரி. இரண்டாம் மாடி நர்ஸும் மூன்றாம் மாடி டீச்சரும் ஒரு குளியலறைக் கசிவுக்காக வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். நான் நாலாம் மாடியில் தையல் மெஷினும் நானுமாக இருந்தேன். எனக்கு வாய் நீளம் என்பது கட்டடத்துக்கே தெரியும். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்கிறவர்களிடம், "மூச்ச விடுங்க, சட்டையப் போட்டப்புறம் விடத்தானே போறீங்க" என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகும் என்னிடம்தான் வருவார்கள், தையல் அப்படி.

இப்போது எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்துவிட்டது. எல்லாம் என் தம்பியால் வந்தது. அதைச் சந்தோஷமாகச் சொல்லத்தான் என்னால் முடியவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் காலையில் யாரோ ஒருவர் வீட்டு லிஃப்டைச் சரிசெய்யப் போனவன், மத்தியானம் அந்த லிஃப்டிலேயே படுத்தபடி கீழே இறங்கினான். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு முழுசாகப் போகவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல் இறைக்க வேண்டியிருந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி, முடிந்தும் போயிருந்தது. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு நேரே என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "முதல் வருஷத்துல என்ன திரும்புதோ அதுதான் பெரும்பாலும் திரும்பும். அந்தக் கைக்கு வேலை வேணும். அவர் வேலைய அவரே செய்யட்டும். பாவம்னு நீங்க செஞ்சு குடுக்க ஆரம்பிச்சீங்கன்னா, கை மறந்துடும்."

கைக்குப் பயிற்சி என்று ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை அமுக்கு அமுக்கு என்றால், இடது கையால் எடுத்து என் மெஷினுக்கு அடியில் எறிந்துவிடுவான். ஒரு காலத்தில் அவ்வளவு பெரிய இரும்புக் கயிறுகளைக் கட்டி ஆண்ட கை. அதற்குப் போய் பந்தைக் கொடுத்தால் கோபம் வராதா? எனக்கே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் செயலாளரம்மா தோட்டம் போட வேண்டும் என்று கிளம்பினார். முதல் மாடிக்காரர், ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடந்தது. உடைந்த கழிப்பறைப் பீங்கான், ஸ்பிரிங் பிதுங்கிய மெத்தை, சக்கரம் இல்லாத பைக் எல்லாம் அங்கேதான் கிடக்கும். நகராட்சி அலுவலகத்துக்குச் செருப்புத் தேய நடந்து அந்த இடத்துக்கு அவர் அனுமதி வாங்கினார். "எல்லாருக்கும் இடம் இருக்கணும். ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது" என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னார். சொன்னபடியே செய்தார். குள்ளமானவர்களுக்கு எட்டுகிற கொடிப்பந்தல், முட்டி வலிக்காரர்களுக்கு உட்கார்ந்து வேலை பார்க்கக் கல் இருக்கை, சக்கர நாற்காலி போக உடைந்த ஓடுகளை அடித்து இறுக்கிய பாதை. என் தம்பிக்கென்று தனியாக ஓர் உயரப் பாத்தி.

அதைச் செய்தவர் தரைத்தள வெல்டர். இரும்புச் சட்டத்தில் கால் வைத்து, மேலே தகரத் தொட்டி பொருத்தி, நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் அடியில் நுழைகிற மாதிரி அளவாகச் செய்திருந்தார். கூலி என்று பேச்செடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டார். முதல் நாள் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவன் பாத்தியை அப்படியும் இப்படியும் பார்த்தான். குனிந்து தொட்டியின் அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினான்.

"அ... அடியில..." என்றான்.

"ஒரு சொட்டு ஒழுகாதுண்ணே!" வெல்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "தண்ணி ஊத்தி ராத்திரி பூரா வெச்சுப் பாத்துட்டேன். தண்ணித் தொட்டி செய்யறவன் நான், ஒழுக விடுவேனா?"

தம்பி இன்னொரு முறை தட்டினான். வெல்டர் இன்னொரு முறை சத்தியம் செய்தார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும் என்பது, நாங்கள் அத்தனை பேர் நின்றும், அவன் ஒருவனுக்குத்தான் தோன்றியிருக்கிறது. அது எனக்குப் புரிந்தபோது காலம் கடந்திருந்தது.

அவன் தக்காளி விதை கேட்டான். விதைத்த காலை முழுக்க நான் பக்கத்தில் கல் இருக்கையில் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது கையால் வலது கையைத் தூக்கி மண்ணில் வைப்பான். அது செத்த மீன் மாதிரி கிடக்கும். இடது கையால் விதையைக் குழியில் போடுவான். பிறகு வலது கையால் மண்ணை மூடப் பார்ப்பான். பாதி விதை பாதையில் விழுந்தது. வரிசை பாம்பு போனது போல் வளைந்தது. எனக்குக் கை பரபரத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பொத்தானைத் தைத்தேன்.

ஒரு விதைமேல் மண் மூடியபோது அவனுடைய வலது கட்டைவிரல் அசைந்தது. தோள் இழுத்த இழுப்பில் நகர்ந்ததல்ல, விரல் தானாகவே மடங்கியது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன், அவன் சிரித்தான்.

விதை முளைத்தது. அதன் பிறகு காலையில் அவனை நான் எழுப்ப வேண்டியதே இல்லை. குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, லிஃப்ட் பொத்தானைத் தானே அமுக்கிக் கீழே போய்விடுவான்.

பிறகு ஒரு நாள் போன வேகத்தில் திரும்பி வந்தான். "என்னடா?" என்றேன். "ஈ... ஈரம்" என்றான். மண் ஏற்கெனவே நனைந்திருந்ததாம். மழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் ஈரம். களை எடுக்கலாம் என்று போனால் களை இல்லை. பாத்தியைச் சுத்தமாகப் பெருக்கிவைத்திருந்தார்கள். பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான்.

யார் வேலை இது என்று பார்க்க ஒரு விடியற்காலையில் நானே இறங்கிப் போனேன். நாலு வார்த்தை கேட்கத் தயாராகத்தான் போனேன். நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். இரவுப் பணி முடிந்து நேரே வந்திருக்கிறாள், சீருடைகூட மாற்றவில்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தம்பியின் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா பாவம், அந்தப் பூவாளியத் தூக்க எவ்ளோ கஷ்டப்படறார்" என்றாள். "நேத்து ராத்திரி என் வார்டுல ஒருத்தர் போயிட்டார்க்கா. என்னால ஒண்ணும் பண்ண முடியல. இதுக்குத் தண்ணி ஊத்தும்போது ஏதோ ஒண்ணையாவது காப்பாத்தின மாதிரி இருக்கு."

நான் கொண்டுபோன நாலு வார்த்தையையும் மென்று விழுங்கிவிட்டு, "வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா" என்று சொன்னேன்.

அவள் மட்டும் என்றால் பரவாயில்லை. அவள் போன கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தாள், பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு வாளி. வெல்டரின் மனைவி களை பிடுங்கினாள். செயலாளரம்மா உரம் போட்டார். ஒருவர் செய்தது ஒருவருக்குத் தெரியாது. எல்லோர் மனதிலும் ஒரே எண்ணம்: பாவம், அவரால் முடியாது. ஒரு நாள் நர்ஸும் டீச்சரும் ஒரே நேரத்தில் வாளியோடு பாத்திக்கு முன்னால் முட்டிக்கொண்டார்கள். அந்தக் கசிவுச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக, "நீங்க ஊத்துங்க", "இல்ல, நீங்க ஊத்துங்க" என்று பேசிக்கொண்டார்களாம். இப்போது இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போகிறார்கள். பாதி ஜனங்கள் சினேகமானது தம்பியின் பாத்தி ஓரத்தில்தான். அவன் வருவான், எல்லோரும் எழுந்து வழிவிட்டு, அவன் செய்ய வந்ததைச் செய்து முடித்துவிட்டு, அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"வே... வேணாம்" என்று அவன் சொல்லாமல் இல்லை. "கூச்சப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்றார்கள்.

நாற்றுகள் மஞ்சளாகின. பிறகு தண்டு கறுத்துச் சாய்ந்தன. நான் மண்ணுக்குள் கையை விட்டேன், மணிக்கட்டு வரை சேறு. ஒரு சொட்டு ஒழுகாத தொட்டியில் கட்டடம் முழுக்கச் சேர்ந்து ஊற்றிய தண்ணீர் நின்றது. தம்பி ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தான். ஆனாலும் முகத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. வீட்டுக்கு வந்து மேஜைமேல் ஓட்டை போடுகிற மாதிரி விரலால் சுற்றிக் காட்டினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மறு... மறுபடி" என்றான். ஓட்டை போட்டு, மறுபடி விதைக்கலாம். அவனுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட மெக்கானிக்கின் முகம் அது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பயிற்சி. மாலையில் திரும்பி, நேரே தோட்டத்துக்குப் போகலாம் என்றான். போனோம். பாத்தி நிறையத் தக்காளிச் செடி. முழங்கை உயரம், பச்சைப்பசேல் என்று, இரண்டொன்றில் பூகூட இருந்தது. அளவு நாடா பிடித்த மாதிரி நேர் வரிசை. கொடிப்பந்தலுக்குப் பின்னால் நாலைந்து தலைகள் ஒளிந்து நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெல்டர் பின்பக்கமாக வந்து என் காதில் சொன்னார். "நர்சரியில வாங்கி வெச்சோம்கா. பழைய நாத்து செத்தது அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடும், சொல்லிடாதீங்க. அடியில தண்ணி தேங்கி நின்னுச்சு, ஓட்டையும் போட்டுட்டேன்."

பழைய பாகத்தைக் கழற்றிப் புதுசு மாட்டினால் மெக்கானிக்குத் தெரியாதா? தம்பி வரிசையைப் பார்த்தான். தொட்டிக்கு அடியில் இடது கையை விட்டுத் துழாவினான், புது ஓட்டையில் விரல் நின்றது. பந்தலுக்குப் பின்னால் இருந்த தலைகளைப் பார்த்தான். பிறகு அவர்களுக்காக, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எல்லோரும் ஓடி வந்து கைதட்டினார்கள். செயலாளரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். எனக்குப் பயந்து சிலர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள்.

"நீங்க எல்லாரும் நல்லவங்க. அதுல எனக்கு சந்தேகமே இல்ல" என்றேன். "ஆனா அவன் வேலைய அவனையே செய்ய விடுங்க. செடி செத்தாலும் பரவாயில்ல. அது அவன் கையால சாகட்டும். டாக்டர் சொல்லியிருக்காங்க, கைக்கு வேலை இல்லன்னா கை போயிடும்."

செயலாளரம்மா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்களுக்குப் பாரமா இருக்கும்னு நெனச்சுத்தானே இப்படிச் சொல்றீங்க? உங்க சுயமரியாதை எனக்குப் புரியுது. ஆனா சத்தியமா எங்களுக்கு இது பாரமே இல்ல."

"பாரம்னு சொல்லலைங்க..."

"தண்ணி அதிகமானது எங்க தப்புதான்" என்று டீச்சர் இடையில் புகுந்தாள். "எல்லாரும் ஊத்தினதாலதானே வந்தது? ஆளுக்கொரு நாள்னு முறை வெச்சுப்போம். அன்னிக்கு அவங்க மட்டும் அண்ணனுக்கு உதவட்டும்."

கூட்டம் கைதட்டியது. ஆளாளுக்கு நாள் கேட்டுப் போட்டி போட்டார்கள். இரண்டு பேர் ஒரே நாளுக்காகச் செல்லச் சண்டை போட்டு, சேர்ந்தே செய்வது என்று முடிவாயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். தள்ளிவிட்டிருந்தால் கட்டடத்தையே இரண்டாக்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பெண்ணிடம் என்ன சண்டை போடுவது? என் இத்தனை நீள வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் ஊமையாக வீடு திரும்பினேன்.

தம்பி கீழே போவதை விடவில்லை, மரியாதைக்குப் போய்வந்தான். பிஞ்சு பிடித்து, காய் பெருத்தது. அப்போது அவனுக்குள் என்னவோ ஒன்று மறுபடி கிளம்பியது. நான் தைக்கும்போது பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்துவான். வலது கையை இடது கையால் தூக்கி, மெஷின் கம்பியில் மாட்டியிருக்கிற நூல்கண்டின்மேல் வைப்பான். மூன்று விரலை அதைச் சுற்றி மடக்கப் பார்ப்பான், திருகி இழுக்கப் பார்ப்பான். முதலில் நழுவியது. பிறகு மடங்கியது. ஒரு நாள் கண்டு பாதிக் கம்பி வரை ஏறி, திரும்ப விழுந்தது. எதற்கு இது என்று நான் கேட்கவில்லை. சன்னல் வழியே கீழே கையைக் காட்டினான். பழுத்துக்கொண்டிருந்த அந்த முதல் தக்காளி. செடி யாருடையதாக இருந்தாலும் சரி, பறிப்பது தன் வலது கையாக இருக்க வேண்டும். பழம் பழுக்கிற வரை நானே என் வேலையை நிறுத்தி நிறுத்தி, நூல்கண்டைத் திரும்ப மாட்டி மாட்டிக் கொடுத்தேன்.

முதல் பழம் பறிக்கிற நாளைச் செயலாளரம்மா விழாவாகவே ஆக்கிவிட்டார். நாற்காலிகள் போட்டு, எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள். தம்பி நான் தைத்த வெள்ளைச் சட்டையில் வந்தான். பாத்திக்கு அடியில் முழங்கால் நுழைந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் இடது கையால் வலது கையைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்தான். பிறகு இடது கையை எடுத்துவிட்டான். கூட்டத்தில் யாரோ "ஐயோ, வலது கை" என்று முணுமுணுத்தார்கள். கை தானாக நகர்ந்தது. நடுங்கியது, ஆனால் நகர்ந்தது. கட்டைவிரலும் இரண்டு விரலும் பழத்தைச் சுற்றின. அவனுடைய கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பில் இருக்கிற அத்தனை பலத்தையும் அந்தத் தோளுக்குக் கொண்டுபோகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது பக்கத்தில் நின்ற வெல்டர் குனிந்து என் காதில் சொன்னார். "பயப்படாதீங்கக்கா. காலையிலயே காம்ப முக்காவாசி வெட்டி வெச்சுட்டேன். தொட்டாலே வந்துடும்."

"டேய், நில்லுடா" என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவன் இழுத்துவிட்டான்.

எதிர்ப்பே இல்லாமல் பழம் வந்தது. மூச்சுப்பிடித்து இழுத்த கை அப்படியே பின்னால் பறந்து அவன் வாயிலேயே அறைந்தது. பழம் சட்டையில் நசுங்கி வழிந்தது. உதட்டில் ரத்தமா, தக்காளியா என்று தெரியவில்லை. "வலது கையாலயே பறிச்சுட்டார்! வலது கை!" என்று கட்டடமே எழுந்து நின்று கைதட்டியது. நர்ஸ் டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெல்டர் விசில் அடித்தார்.

தம்பி நசுங்கிய பழத்தைப் பார்க்கவில்லை. செடியில் மிச்சமிருந்த காம்பைப் பார்த்தான். பிய்ந்த காம்பு நார்நாராக இருக்கும். இது கத்தி போட்ட காம்பு, வழவழவென்று சாய்வாக இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் சட்டையைத் துடைக்கிற வரைக்கும். அந்தக் கையால் ஒரு தக்காளியைப் பறிக்க முடியுமா, முடியாதா என்பது இன்றுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது.

மறுநாள் அவன் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. நூல்கண்டு மெஷினில் மாட்டினபடியே இருந்தது. நான் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னும் காய் இருக்குடா. வெல்டரை நான் பாத்துக்கறேன், கிட்ட வர விடமாட்டேன். வா, கீழ போலாம்" என்றேன்.

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "அவங்க பாத்துப்பாங்கக்கா."

திக்காமல், நிற்காமல், ஒரே மூச்சில். பக்கவாதம் வந்த பிறகு அவன் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் வாக்கியம் அது. டாக்டரம்மா கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். நான் அவன் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

சன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே தோட்டத்தில் அன்றைய முறைக்காரர்கள் நர்ஸும் டீச்சரும். ஒருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருத்தி பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். டீச்சர் தற்செயலாக மேலே பார்த்தவள், என்னைக் கண்டதும் ஈரக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"அண்ணன நிதானமா வரச் சொல்லுங்கக்கா!" என்று கத்தினாள். "வேலையெல்லாம் முடிச்சாச்சு!"

நானும் கையை ஆட்டினேன்.